டிராக்பேட் கன்ட்ரோலரில் கணினி கேம் ஆடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் கன்ட்ரோலரையும், அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினியையும் மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இரண்டிலும் கட்டைவிரலால் வருடி இயக்கும் டிராக்பேட்கள் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக உள்ளன. இரண்டையும் ஆட்டி வைப்பது ஸ்டீம் இன்புட் என்ற ஒரே மென்பொருள் என்பதால், ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும். பொருந்தாத இடங்களைத் தனியே குறித்திருக்கிறேன்.

கன்ட்ரோலரில் டிராக்பேடை வைக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

கணினி கேம்களில் பெரும்பகுதி மவுஸையும் கீபோர்டையும் நம்பி உருவானவை. நகரம் கட்டும் கேம்கள், படை நடத்தும் கேம்கள், சுட்டிச் சொடுக்கித் துப்புத் தேடும் கேம்கள் ஆகியவற்றுக்கு ஆடுபவர் மேசை முன் அமர்ந்திருப்பார் என்பதே அடிப்படை அனுமானம். கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சியில் அவற்றை ஆட நினைப்பவர், மடியில் கீபோர்டையும் சோபாவின் கைப்பிடியில் மவுஸையும் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும். சாதாரண கன்ட்ரோலரோ, அதற்கென்று எழுதப்படாத கேமில் எந்தப் பயனும் தராது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வால்வ் 2013 செப்டம்பரில் ஸ்டீம் கன்ட்ரோலரை அறிவித்தது. அன்று காட்டப்பட்ட மாதிரியில், கட்டைவிரலால் சாய்த்து இயக்கும் சிறு குச்சியான ஸ்டிக் என்பதே கிடையாது. இரண்டு வட்டமான பேட்களும், நடுவில் ஒரு தொடுதிரையும் இருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் முன்னூறு பேருக்குச் சோதனைக்காக அனுப்பினார்கள். அதன் பின் தொடுதிரை போயிற்று, ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்கள் வழக்கமான இடத்துக்கு வந்தன, இடப்பக்கத்தில் ஓர் அனலாக் ஸ்டிக்கும் சேர்ந்தது. 2015 நவம்பர் 10 அன்று ஐம்பது டாலருக்குக் கடைக்கு வந்த வடிவம் இதுதான். 2019 நவம்பரில் மிச்சமிருந்த கையிருப்பை ஐந்து டாலருக்குத் தள்ளிவிட்டு விற்பனையை நிறுத்தினார்கள். விற்பனையில் இப்படி முடிந்த கருவியின் யோசனைகள் ஏறத்தாழ அப்படியே ஸ்டீம் டெக்கில் மீண்டும் வந்து நிலைத்துவிட்டன.

ஸ்டிக்குக்கும் டிராக்பேடுக்கும் உண்மையான வேறுபாடு என்ன?

இந்த ஒரு கேள்விக்கான பதில் பிடிபட்டால், மீதமுள்ள பாதிக் கேள்விகள் எழவே செய்யா.

ஸ்டிக் வேகத்தைச் சொல்லும் கருவி. அதை வலப்புறம் தள்ளினால், ‘இந்த வேகத்தில் வலப்புறம் திரும்பிக்கொண்டே இரு’ என்று கேமுக்குக் கட்டளை போகிறது. விரலை எடுக்கும்வரை பார்வை திரும்பிக்கொண்டே இருக்கும். டிராக்பேட் தூரத்தைச் சொல்லும் கருவி. விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு நகர்ந்து நின்றுவிடும். குழாயைத் திறந்துவிட்டுச் சரியான நேரத்தில் மூடி ஒரு படித் தண்ணீர் பிடிப்பதற்கும், படியிலேயே முகந்து ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடு அது. முன்னதில் நேரத்தைக் கணிக்க வேண்டும். பின்னதில் அளவே கையில் இருக்கிறது.

ஸ்டிக்கைக் கொண்டு ஆடும் சுடும் கேம்களில் குறி தானாக எதிரியின் பக்கம் சற்றே ஒட்டிக்கொள்ளும்படி உருவாக்குநர்கள் உதவி வைப்பது இதனால்தான். வேகத்தை மட்டும் வைத்து ஒரு சிறு புள்ளியில் போய் நிற்பது மனிதக் கைக்குக் கடினம். டிராக்பேட் மவுஸ் போலவே இயங்குவதால் அந்த உதவி அதற்குக் கிடைப்பதில்லை. பல மவுஸ் கேம்களில் அது தேவைப்படுவதும் இல்லை.

அப்படியானால் மவுஸுக்கு ஈடாகுமா?

ஆகாது. மவுஸை நகர்த்துவதில் முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. மேசையில் ஒரு முழம் வரை இடமும் இருக்கிறது. டிராக்பேடிலோ ஒரே கட்டைவிரல், அதற்குச் சில சென்டிமீட்டர் இடம். ஸ்டீம் டெக்கின் பேட் ஒரு பக்கத்துக்கு 32.5 மில்லிமீட்டர் அளவுள்ள சதுரம் மட்டுமே. இதை மவுஸோடு போட்டிக்கு விட்டுவிட்டு ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். மவுஸ் இல்லாத இடத்தில் மவுஸ் கேமை ஆட முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு என் பதில், பெரும்பாலும் முடிகிறது என்பதே.

பேடில் விரல் நகரும்போது நறுக் நறுக்கென்று ஏதோ தட்டுகிறதே, அது என்ன?

ஒவ்வொரு பேடுக்கும் அடியில் முன்னும் பின்னும் நேர்கோட்டில் அசையும் ஒரு சிறு அதிர்வுக் கருவி இருக்கிறது. வழக்கமான கன்ட்ரோலர்களில் அதிர்வைத் தருவது எடைபோட்ட சுழல் மோட்டார். அது சுழன்று வேகமெடுக்கவும் நிற்கவும் நேரம் பிடிக்கும். நேர்கோட்டில் அசையும் கருவி நொடியில் சிறு பங்கில் ஒரு தட்டுத் தட்டி நின்றுவிடும். விரல் குறிப்பிட்ட தூரம் நகரும்போதெல்லாம் ஒரு தட்டு வருவதால், வழவழப்பான பரப்பில் பல் சக்கரத்தை உருட்டுவது போன்ற உணர்வு கிடைக்கிறது. கண் திரையில் இருக்க, விரல் எவ்வளவு தூரம் போனது என்பதை இந்தத் தட்டுகளே சொல்கின்றன.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 2015 கன்ட்ரோலரில் சுழல் மோட்டார் இல்லாததால், கேமில் குண்டு வெடிக்கும்போது கை அதிரும் அந்த உணர்வு மிக மெல்லியதாகத்தான் இருக்கும். அந்த அதிர்வுக் கருவியின் வேகத்தை மாற்றி அதிலேயே பாட்டு வாசிக்க வைத்தவர்களும் உண்டு. கொசு ஒன்று சுதி சேர்த்துப் பாடுவதுபோல் இருக்கும். தட்டுகளின் வலு பிடிக்காவிட்டால் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் முற்றிலும் அணைத்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அணைத்த பிறகு பேட் வெறும் வழுக்குப் பலகையாகிவிடுகிறது.

எந்த வகைக் கேம்களில் இது கைகொடுக்கும்?

சிவிலைசேஷன் 6 போன்ற, முறை வைத்து ஆடும் கேம்களில் நன்றாகவே கைகொடுக்கும். அங்கே அவசரம் இல்லை. மவுஸ் செய்வதையெல்லாம் வலது பேட் செய்துவிடும். நகரம் கட்டும் கேம்கள், சீட்டுக் கேம்கள், சுட்டிச் சொடுக்கும் கதைக் கேம்கள் எல்லாம் இந்த வகையில் சேரும். பார்வையை மவுஸால் திருப்பி நடக்கும் தனிநபர் கேம்களும், கன்ட்ரோலரின் சாய்வை அளக்கும் கைரோவின் துணையோடு மிக இயல்பாக ஆடக்கூடியவை.

ஒரே நேரத்தில் நூறு படைவீரர்களைப் பிரித்து மேய்க்க வேண்டிய கேம்களில் ஓரளவுதான். குதித்துத் தாவும் கேம்களிலும் சண்டைக் கேம்களிலும் டிராக்பேடால் எந்த ஆதாயமும் இல்லை. அங்கே விரல் தன் இடத்தைப் பார்க்காமலே உணர வேண்டும். தட்டையான பரப்பு அதற்கு உதவாது. அவற்றுக்கு ஸ்டிக்கோ, நான்கு திசைப் பட்டனோ போதும். 2015 கன்ட்ரோலரில் தனித் திசைப் பட்டன் கிடையாது. இடது பேடில் சிலுவை வடிவத்தில் செதுக்கியிருக்கும் பள்ளமே அந்த வேலையையும் பார்க்க வேண்டும். என் கைக்கு அது கடைசிவரை ஒத்துவரவில்லை.

பெட்டியைத் திறந்ததும் எந்த அமைப்புகளை மாற்ற வேண்டும்?

முதல் வேலை, அந்தந்தக் கேமுக்கு மற்றவர்கள் செய்து பகிர்ந்திருக்கும் அமைப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தொடங்குவது. ஸ்டீமிலேயே கேமின் பெயருக்குக் கீழ் அவை வரிசையாகக் கிடைக்கும். வெறும் பலகையிலிருந்து தொடங்குவது தேவையற்ற தண்டனை. ஆனால் அடுத்தவர் கைக்குத் தைத்த சட்டை நமக்கு அப்படியே பொருந்தாது என்பதால், கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பேட் மவுஸாக இயங்குகிறதா, ஸ்டிக்காக இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கேம் மவுஸை ஏற்றுக்கொள்ளுமானால் மவுஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டிக்காக வைத்தால், மேலே சொன்ன வேகக் கணக்கு மறுபடி உள்ளே வந்து, டிராக்பேடின் முழுப் பயனும் போய்விடுகிறது. ‘டிராக்பேட் எனக்குச் சரிப்படவில்லை’ என்று சொல்பவர்களின் கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் பேட் ஸ்டிக்காகவே அமைந்திருக்கும்.

அடுத்தது உருட்டு முறை. இதை இயக்கினால், விரலை வேகமாக வருடி எடுத்த பிறகும், தள்ளிவிட்ட பந்து உருண்டு மெல்ல நிற்பது போல் பார்வை சற்று நேரம் திரும்பிக்கொண்டிருக்கும். விரலை மறுபடி வைத்தால் அந்தக் கணமே நின்றுவிடும். சில சென்டிமீட்டர் பேடைக் கொண்டு முதுகுப் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இந்த உருட்டு அவசியம். பந்துக்கு எவ்வளவு உராய்வு என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். மேலும் கீழும் உருள்வதற்கு மட்டும் தனியாக உராய்வைக் கூட்டிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் பக்கவாட்டில் வருடும்போதெல்லாம் பார்வை வானத்துக்கோ தரைக்கோ போய்விடும்.

மூன்றாவது, சாய்வுக் கோணம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கட்டைவிரல் ஒரு நேர்கோட்டில் நகர்வதில்லை. அடிமூட்டை மையமாக வைத்து வில்லாக வளைந்து நகர்கிறது. நாம் நேராக வலப்பக்கம் வருடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது விரல் சற்றே மேலேறியோ கீழிறங்கியோ போகிறது. அதைச் சரிசெய்ய, பேடின் கிடைக்கோட்டைச் சில பாகை திருப்பிவைக்கும் வசதி ஸ்டீம் இன்புட்டில் உண்டு. சமதளமான ஒரு சுவரின் விளிம்பில் குறியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வருடிப் பாருங்கள். குறி விளிம்பை விட்டு எந்தப் பக்கம் விலகுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாகக் கோணத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் ஐந்து நிமிடத்தில் உங்கள் கைக்குரிய எண் கிடைத்துவிடும்.

வேக அளவைக் கடைசியாக மாற்றுங்கள். பேடின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒருமுறை வருடினால் பார்வை பாதிச் சுற்றுத் திரும்பும்படி வைத்துத் தொடங்குவது என் வழக்கம். கைரோவைப் பயன்படுத்தப் போகிறவர்கள் இன்னும் வேகமாகவே வைத்துக்கொள்ளலாம். காரணம் அடுத்த பதிலில்.

கைரோ எதற்கு? கன்ட்ரோலரை ஆட்டி ஆட்டி ஆடுவது சிறுபிள்ளைத்தனமாக இல்லையா?

கன்ட்ரோலரை ஸ்டியரிங் போலச் சுழற்றி ஆடும் கேம்களை நினைத்துக்கொண்டு வரும் சந்தேகம் இது. இங்கே கைரோ செய்வது வேறு வேலை. கன்ட்ரோலர் எவ்வளவு சாய்ந்தது, திரும்பியது என்பதை அளந்து, அதை மவுஸின் மிகச் சிறிய அசைவாக மாற்றித் தருகிறது. மணிக்கட்டின் அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாகவே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கவனிக்கக்கூட மாட்டார்.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வடம் பிடிப்பவர்கள் தேரை வீதி நெடுக நகர்த்துவார்கள். ஆனால் மூலை திருப்பி நிலையில் கொண்டுபோய் நிறுத்துவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரின் கையில் இருக்கிறது. பேட் வடம், கைரோ முட்டுக்கட்டை. எதிரி இருக்கும் பக்கம் திரும்புவதற்குப் பேட். திரும்பிய பின் தலைக்கும் தோளுக்கும் நடுவே குறியை நிறுத்துவதற்குக் கைரோ. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆடுபவர்கள்தான் இந்தக் கன்ட்ரோலரைப் பாதியில் கைவிடுகிறார்கள். பேடின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று சொன்னதற்கும் காரணம் இதுவே. நுணுக்கமான வேலை பேடின் பொறுப்பிலிருந்து விலகிவிட்டால், அது தாராளமாகத் திரும்பலாம்.

கைரோ எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தால் தும்மினாலும் குறி நகரும். அதனால் அதற்கு ஒரு சாவி வேண்டும். வலது பேடில் கட்டைவிரல் படும்போது மட்டும் கைரோ இயங்கட்டும் என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும் ஏற்பாடு. விரலை எடுத்துவிட்டால் கையை எப்படி வேண்டுமானாலும் அசைத்துக்கொள்ளலாம். ஸ்டீம் டெக்கில் ஸ்டிக்கின் தலையும் தொடுதலை உணரும் என்பதால் அதையும் சாவியாக வைக்கலாம். இன்னொரு வழி, ஆள்காட்டி விரலால் இழுக்கும் டிரிகரைப் பாதி அழுத்தும்போது குறிபார்ப்பதும் கைரோவும் சேர்ந்து தொடங்குவது, முழுதாக அழுத்தினால் சுடுவது. 2015 கன்ட்ரோலரின் டிரிகர் அழுத்தத்தின் முடிவில் ஒரு தனிப் பட்டனைப் போலச் சொடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு அதில் மிக இயல்பாக அமைகிறது. ஸ்டீம் டெக்கில் அந்தச் சொடுக்கு இல்லை; எந்த அளவு முழு அழுத்தம் என்பதை மென்பொருளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரையில் பட்டன் படங்கள் மாறி மாறி மினுக்குகின்றன, சில சமயம் நடை தடைப்படுகிறது. ஏன்?

இடது ஸ்டிக் கன்ட்ரோலராகவும் வலது பேட் மவுஸாகவும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகின்றன. பல கேம்கள் இந்த இரண்டையும் சேர்ந்து ஏற்கும்படி எழுதப்படவில்லை. கன்ட்ரோலர் செய்தி வந்ததும் ஏ, பி படங்களைக் காட்டும், மவுஸ் செய்தி வந்ததும் கீபோர்டு எழுத்துகளைக் காட்டும், மறுபடி மாறும். மோசமான கேம்களில் ஒன்று வரும்போது மற்றது சிறிது நேரம் செயலிழந்தும் போகும்.

தீர்வு, ஒரே பக்கம் நிற்பது. எல்லாப் பட்டன்களையும் கீபோர்டு விசைகளாகவும் மவுஸாகவும் அமைத்துவிட்டால் கேமுக்குக் குழப்பம் வராது. நடக்கும் வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டும் வசதி மட்டும் போய்விடும், ஏனென்றால் கீபோர்டில் நடை என்பது உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். பட்டன்களின் பெயருக்குப் பதிலாகத் திரையில் இ, எஃப் என்று விசைகளின் பெயர் வரும். அதை ஓரிரு நாளில் மூளை மொழிபெயர்த்துக்கொள்ளும்.

இடது பேடை எதற்குப் பயன்படுத்துவது?

நடப்பதற்கு ஸ்டிக் இருப்பதால் இடது பேடைப் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். கீபோர்டில் பன்னிரண்டு விசைகளைக் கேட்கும் கேமை ஆடுபவருக்கு இதுவே புதையல். பேடைத் தொட்டதும் திரையில் கட்டங்களாகவோ வட்டமாகவோ ஒரு பட்டியல் விரியும்படி செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விசையைக் கொடுக்கலாம். கட்டத்துக்குப் பெயரும் படமும்கூட வைக்கலாம். ஆயுதம் மாற்றுவது, வரைபடம் திறப்பது, சேமிப்பது எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிட்டால் பட்டன் பற்றாக்குறை என்ற பேச்சே எழாது. வட்டமாக வருடினால் மவுஸின் உருளை போல இயங்கும்படி செய்வது இன்னொரு நல்ல பயன். நீளமான பட்டியல்களைப் புரட்ட அதைவிடச் சுகமான வழி இல்லை. படை நடத்தும் கேம்களில், திரையின் மூலையிலுள்ள சிறு வரைபடத்தின் மீது மட்டும் பேடைப் பொருத்திவைத்து, தொட்ட இடத்துக்குக் கண நேரத்தில் தாவலாம்.

ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை கொடுக்க முடியுமா?

முடியும். நீள அழுத்தம், இரட்டைத் தட்டு, வேறொரு பட்டனைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மாறும் வேலை என்று பல வழிகள் உண்டு. நடக்கும்போது ஓர் அமைப்பு, வண்டி ஓட்டும்போது வேறோர் அமைப்பு என்று முழுத் தொகுப்பையே மாற்றவும் செய்யலாம். ஆனால் முதல் வாரத்திலேயே இதில் இறங்கினால், கேம் ஆடிய நேரத்தைவிட அமைப்பைத் திருத்திய நேரம் கூடிவிடும். பின்பக்கத்தில் மற்ற விரல்கள் படும் இடத்தில் உள்ள பிடிப் பட்டன்களை முதலில் பயன்படுத்திப் பழகுங்கள். குதிப்பதையும் குனிவதையும் அவற்றுக்குக் கொடுத்துவிட்டால், கட்டைவிரல் பேடை விட்டு நகரவே வேண்டியதில்லை. இப்படிப் பின்பக்கத்தில் பட்டன் வைப்பது தங்கள் காப்புரிமை என்று அயர்ன்பர்க் என்ற நிறுவனம் வழக்குத் தொடுத்து, 2021இல் வால்வ் நாற்பது லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க நடுவர் குழு தீர்ப்பளித்தது என்பது ஓர் உபகதை.

ஸ்டீமில் வாங்காத கேம்களிலும், ஸ்டீம் இல்லாமலும் வேலை செய்யுமா?

ஸ்டீமில் வாங்காத கேமையும் ஸ்டீமின் பட்டியலில் சேர்த்து அங்கிருந்து தொடங்கினால், பெரும்பாலும் எல்லா வசதியும் கிடைக்கும். கேமின் மேல் ஸ்டீமின் மிதக்கும் திரை வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அது வராத கேம்களில் அமைப்பும் ஏறாது. விண்டோஸில் கேம் நிர்வாகி உரிமையோடு இயங்கி, ஸ்டீம் சாதாரண உரிமையோடு இயங்கினால், பேட் திடீரென்று செத்தது போல் ஆகிவிடும். அப்போது ஸ்டீமையும் நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும்.

ஸ்டீமே இயங்காதபோது 2015 கன்ட்ரோலர் ஓர் எளிய மவுஸாகவும் கீபோர்டாகவும் மட்டும் நடந்துகொள்ளும். வலது பேட் சுட்டியை நகர்த்தும், டிரிகர் சொடுக்கும், அவ்வளவே. இந்த நிலைக்கு ‘பல்லி முறை’ என்று ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு. லினக்ஸில் 2018இல் வந்த 4.18 பதிப்பிலிருந்து இந்தக் கன்ட்ரோலருக்கான இயக்கி, கெர்னல் என்னும் அதன் மையப் பகுதியிலேயே இருக்கிறது.

இடையிடையே இணைப்பு அறுந்து சுட்டி தத்தித் தாவுகிறதே?

கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன், அதன் செய்தியை வாங்கக் கணினியில் செருகும் ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. யூஎஸ்பி 3 துளைகளும் அவற்றில் செருகிய வன்தட்டுகளும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பக்கூடியவை. கணினிப் பெட்டியின் பின்புறத்தில், இரும்புத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ரிசீவரைச் செருகிவைத்தால் தொல்லை நிச்சயம். ஒரு நீட்டிப்பு வயரில் அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 2018இல் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பிறகு புளூடூத்திலும் இணைக்கலாம், ஆனால் மேசைக் கணினியில் ரிசீவரே மேல்.

பேட்டரி விஷயத்தில் ஒரு வார்த்தை. 2015 கன்ட்ரோலரின் இரு கைப்பிடிகளுக்குள்ளும் ஒவ்வொரு டபுள் ஏ செல் போகும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே அளவு. கடிகாரத்தில் ஓடும் மலிவான செல்லை இதில் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். அல்கலைன் செல்லோ, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் செல்லோ போடுங்கள். யூஎஸ்பி வயரில் இணைத்தும் ஆடலாம், ஆனால் அதனால் உள்ளே இருக்கும் செல் சார்ஜ் ஆகாது.

ஆன்லைன் கேம்களில் இதைப் பயன்படுத்தினால் தடை விதிப்பார்களா?

பேடை மவுஸாகவும் கைரோவைக் குறிபார்க்கவும் பயன்படுத்துவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஒரே அழுத்தத்தில் பல செயல்களை வரிசையாக நடத்தும் அமைப்புகளில்தான் கவனம் வேண்டும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 கேமில் 2024 ஆகஸ்ட் முதல் அப்படிப்பட்ட தானியக்கத்துக்கு அதிகாரபூர்வ சர்வர்களில் இடமில்லை. கண்டறிந்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவார்கள். ஆடப்போகும் கேமின் விதிகளைப் படித்துவிட்டு, போட்டி ஆட்டத்துக்கு ஒரு பட்டன் ஒரு செயல் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

என்னிடம் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் இருக்கிறது. அதன் நடுவிலும் ஒரு தொடுபரப்பு உண்டே, அது போதாதா?

கைரோவை முயன்று பார்க்க அது போதும். டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டிலுமே கைரோ உண்டு, ஸ்டீம் இன்புட்டும் அவற்றை முழுதாக ஏற்கிறது. தொடுபரப்பு மட்டும் நடுவில் இருப்பதால், கட்டைவிரல் ஸ்டிக்கையோ பட்டன்களையோ விட்டுவிட்டு எட்டிப் போக வேண்டும். விரலடியில் தட்டும் அந்த அதிர்வும் அதில் கிடையாது. பட்டியல்களைச் சொடுக்கவும் வரைபடத்தைத் திறக்கவும் உதவும். அதை வைத்து ஒரு முழுக் கேமை மவுஸ் போல ஆட முடியாது. ஆனால் ஏற்கெனவே கையில் இருப்பவர், புதிதாகக் காசு செலவழிக்கும் முன் ஸ்டிக்கோடு கைரோவைச் சேர்த்து ஒரு மாதம் ஆடிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

2015 கன்ட்ரோலரை இப்போது இன்னொருவர் பயன்படுத்திய பொருளாக வாங்கலாமா?

ரிசீவரோடு கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். கையில் வாங்கியதும் மேலுள்ள தோள் பட்டன்கள் இரண்டையும் பல கோணங்களில் அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தளர்ந்திருந்தால் சொடுக்கு மந்தமாக இருக்கும். பின்மூடியைக் கழற்றி, செல் கசிந்து பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பின்மூடிதான் பிடிப் பட்டன்களாகவும் இயங்குகிறது என்பதால், அது விரிந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ இரட்டை நட்டம். ஸ்டிக்கின் ரப்பர் தேய்ந்திருப்பது பெரிய குறை அல்ல.

வால்வ் 2025 நவம்பரில் அதே பெயரில் ஒரு புதிய கன்ட்ரோலரை அறிவித்தது. இம்முறை இரண்டு ஸ்டிக்குகள், அவற்றுக்குக் கீழே 34.5 மில்லிமீட்டர் சதுரத்தில் இரண்டு பேட்கள், பின்னால் நான்கு பட்டன்கள், கை பிடித்திருப்பதை உணரும் பிடி, உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரி என்று ஸ்டீம் டெக்கின் அமைப்பையே எடுத்து வந்திருக்கிறார்கள். பழையதில் ஒரு ஸ்டிக் மட்டும் இருந்ததால் பேடைப் பழகித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. புதியதில் பேட் பிடிக்காதவர் ஸ்டிக்குக்கே திரும்பிவிடலாம். விற்பனைக்கு இது நல்லது; பழக்கத்துக்கு நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பழக எத்தனை நாள் ஆகும்?

ஸ்டிக்கில் பல ஆண்டு ஆடியவருக்கு மவுஸில் ஆடியவரைவிடக் கூடுதல் நாள் ஆகும், ஏனென்றால் விரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை அவர் முதலில் மறக்க வேண்டியிருக்கிறது. முதல் சில நாள்களுக்கு, ஏற்கெனவே ஆடி முடித்த, அவசரமில்லாத ஒரு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கதையும் புதிது, கருவியும் புதிது என்றால் இரண்டின் மீதும் வெறுப்பு வரும். முதலில் பேடை மட்டும் பழகுங்கள், அது கைக்கு வந்த பிறகு கைரோவைக் குறைந்த வேகத்தில் சேருங்கள். ஒவ்வொரு நாளும் அமைப்பை மாற்றாதீர்கள். மூன்று நாள் ஆடிவிட்டு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். கட்டைவிரலின் அடிமூட்டில் வலி தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அது பேடைத் தேவைக்கு மேல் அழுத்துவதால் வருவது. பேடுக்கு விரல் பட்டாலே போதும். வியர்த்த விரல் பேடில் இழுபடும் என்பதால், வெயில் காலத்தில் பக்கத்தில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும்.